மூன்று விரல் பாணி

விசாரணையில் அக்காக்காரி தோற்ற மறுநாள் காலை, அவளுடைய இடது கை, அவள் தம்பி ஸ்டூடியோவில் எடுத்த ஒரு குழந்தையின் போட்டோவில் வந்து உட்கார்ந்தது. குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கிப் பொக்கை வாயால் சிரிக்கிற குழந்தை. மேசையிலிருந்து உருண்டு விழாதபடி அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டு வரைக்கும் ஒரு பெண்ணின் கை. அதில் கட்டை விரலும் மோதிர விரலும் சுண்டு விரலும் இருந்தன. மற்ற இரண்டு இல்லை. படம் எடுத்த நேரத்தில் அக்காக்காரி ஸ்டூடியோவுக்குப் பின்னாலிருந்த வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள், அதற்கு வீட்டில் எல்லோரும் சாட்சி. குழந்தையின் தாய் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாருங்க கை இது? நான் கிட்டவே வரலையே?" என்று கேட்டாள். பிலிமில் வெளிச்சம் புகுந்திருக்கும் என்று சொல்லி ஸ்டூடியோக்காரன் இன்னொன்று எடுத்தான். அதிலும் கை இருந்தது, கொஞ்சம் மேலே ஏறி, கழுத்தருகில். அந்த மாதம் பிலிம் ரோல் விலை ஏறியிருந்ததால் மூன்றாவது எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. தாயும், எப்படியோ பிள்ளை அழாமல் இருக்கிறதே என்று இரண்டையும் வாங்கிக்கொண்டு போனாள்.

அந்தக் கை எப்படி அந்தக் கதிக்கு ஆளாயிற்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிற்பாடு அதைப் பற்றி வாய் ஓயாமல் பேசிய பெரிய மனிதர்களில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. ஊரின் மேற்கு ஓரத்தில் டப்பா கம்பெனி இருந்தது. பெயிண்ட் டப்பா, பவுடர் டப்பா, பிஸ்கட் டப்பா எல்லாவற்றுக்கும் மூடி அங்கேதான் அடித்தார்கள். தகட்டை இடது கையால், மூடி வெட்டுகிற பிரஸ்ஸுக்குள் தள்ள வேண்டும், காலால் மிதிக்க வேண்டும், மூடி விழுந்ததும் வலது கையால் எடுத்துப் போட வேண்டும். பிரஸ்ஸுக்கு முன்னால் ஒரு இரும்புத் தடுப்பு உண்டு. கை உள்ளே இருக்கும்போது மெஷின் இறங்காமல் அது பார்த்துக்கொள்ளும். ஆனால் வேலை மெதுவாகும். அதனால் ஆர்டர் அதிகமாக இருக்கும் மாதங்களில் மேனேஜர் தடுப்பைக் கழற்றி மூலையில் சாய்த்து வைக்கச் சொல்லுவார், அரசாங்க ஆள் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தால் மறுபடி மாட்டச் சொல்லுவார். அப்படிக் கழற்றி வைத்திருந்த ஒரு மாதத்தில்தான் அக்காக்காரியின் ஆள்காட்டி விரலும் நடு விரலும் ஒரு பவுடர் டப்பா மூடியோடு சேர்ந்து போயின. அவளுக்கு முன்னும் பின்னும் அப்படிப் போனவர்கள் நிறையப் பேர். பழைய ஆள் யார், புது ஆள் யார் என்று தெரிய இங்கே கையைப் பார்த்தால் போதும் என்று அங்கே வேலை செய்தவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்காமல் என்ன செய்வது, வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

அந்தக் கம்பெனியில் வருடா வருடம் எல்லோரையும் நிறுத்தி ஒரு குரூப் போட்டோ எடுப்பார்கள். எடுப்பது நம் ஸ்டூடியோக்காரன்தான், ஊரில் அப்போது இருந்ததே அந்த ஒரு ஸ்டூடியோ. அதற்கென்று ஒரு முறை இருந்தது. விரல் போனவர்கள் பின்வரிசையில் நிற்க வேண்டும், கையை முன்னால் நிற்பவரின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட வேண்டும். இதை யார் முதலில் சொன்னது என்று யாருக்கும் ஞாபகமில்லை. ஸ்டூடியோக்காரன் கேமராவுக்குப் பின்னால் போவதற்கு முன் "கையெல்லாம் பின்னால போகட்டும்" என்று ஒரு குரல் கொடுப்பான், கைகள் போய்விடும். அதனால்தான் அந்தப் பழைய போட்டோக்களில் எல்லோரும் ஒருவர் முதுகை ஒருவர் தாங்கி அத்தனை ஒற்றுமையாக நிற்கிறார்கள். அக்காக்காரிக்கு விரல் போன வருடம், அவள் பின்வரிசைக்குப் போகவில்லை. மேனேஜரின் நாற்காலிக்கு நேர் பின்னால் வந்து நின்றாள். கட்டு அவிழ்த்த இடது கையை எடுத்து நாற்காலியின் முதுகில், அவர் தோளுக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள்.

"அக்கா, கை..." என்றான் தம்பி.

"என் கை இங்கதான் இருக்கும். நீ எடு."

காலர் மடங்கிவிடும் என்று மேனேஜர் திரும்பிப் பார்க்கவில்லை. படம் விழுந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து அவர் ஸ்டூடியோவுக்கு வந்து பிரிண்டைப் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு தம்பி. அந்தக் கையை மட்டும் கொஞ்சம் சரி பண்ணிடுங்க. வரவேற்பறையில மாட்டறது, வெளிநாட்டுக்காரங்க வந்து போற இடம்," என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்டூடியோக்காரனுக்கு டச்சப் கை வந்த கலை. கண்ணை மூடிவிட்ட மாப்பிள்ளைகளுக்குக் கண் திறந்துவிட்டிருக்கிறான், அம்மைத் தழும்புகளை அழித்திருக்கிறான், வழுக்கைக்கு முடி கொடுத்திருக்கிறான். அவனுக்கு இதில் தப்பு எதுவும் தெரியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு வயிற்றில் பிறந்தவர்களுக்கு விரலும் ஒன்று போலத்தானே இருக்கும் என்று, தன் இடது கையை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து ஒரு மதியம் முழுவதும் மெல்லிய பிரஷ்ஷால் இரண்டு விரல்களை வரைந்தான். நகக்கண்ணில் வெள்ளைப் பிறை கூட வைத்தான். வரையும்போது அவன் கண் கலங்கியது என்று அவன் பெண்டாட்டி சொல்லுவாள். முடித்ததும் படத்தைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் ஓடினான்.

"பாருக்கா, உன் விரலைத் திருப்பிக் குடுத்துட்டேன்."

அக்காக்காரி படத்தைப் பார்த்தாள். "இதை வெச்சு நான் பட்டன் போட முடியுமாடா?"

"இல்லக்கா, பார்க்க முழுசா இருக்கட்டுமேன்னு..."

"யாரு பார்க்க?"

"அழிச்சிடு," என்றாள். நாளைக்கு அழிக்கிறேன் என்றான். அன்று சாயங்காலமே கம்பெனி ஆள் வந்து படத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

கம்பெனி மேல் புகார் கொடுத்து நடந்த விசாரணையில் அக்காக்காரி கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. தடுப்பைக் கழற்றி வைத்திருந்தோம், மெஷின் இவள் விரலை எடுத்தது என்று கம்பெனி தன் வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கம்பெனியோ, இந்தம்மா வீட்டில் எங்கேயோ போய் வெட்டிக்கொண்டு வந்து எங்கள் மேல் பழி போடுகிறாள் என்றது. கண்ணாடி போட்டுச் சட்டமிட்ட குரூப் போட்டோவை மேசைமேல் வைத்தது. விபத்து நடந்ததாக இவள் சொல்லும் தேதிக்குப் பிறகு எடுத்த படம், பாருங்கள், அஞ்சும் அஞ்சும் பத்து. விசாரணை அதிகாரி பூதக் கண்ணாடியை எடுத்துக்கொண்டார். அக்காக்காரி தன் கையை அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

"சார், கை இதோ இருக்கு."

"இது கையோட இப்போதைய நிலைமைம்மா. அன்னைக்கு இருந்த நிலைமை படத்துல இருக்கு. நான் எதை எடுத்துக்கறது?"

"அது பெயிண்ட் சார். வரைஞ்சவன் அதோ உக்காந்திருக்கான், கேளுங்க."

அதிகாரி தம்பியைப் பார்த்து, "இந்தப் படம் நீங்க எடுத்ததா?" என்று கேட்டார். தம்பி மேனேஜரைப் பார்த்தான். கம்பெனியில் இருக்கும் அத்தனை பேருக்கும் அடையாள அட்டைப் படம் எடுப்பது அவன், ஸ்டூடியோவின் அடுப்பு எரிவதே அதில்தான். வாயைத் திறந்தான். "ஆமா சார்," என்றான். அடுத்த வார்த்தைக்காக அக்காக்காரி காத்திருந்தாள். அடுத்த வார்த்தை வரவில்லை.

"அவரே சொல்லிட்டாரேம்மா, இன்னும் என்ன வேணும்?" என்றார் அதிகாரி. கேட்டீர்களா அநியாயத்தை! மூன்று விரல் கை ஒன்று கண்முன்னால் மேசையில் கிடக்கிறது, அதற்கு ஒரு முழம் தள்ளி இருந்த காகிதத்தில் ஐந்து விரலை எண்ணிப் பார்த்துத் தீர்ப்பு எழுதினார் அந்த மனிதர். பார்வை இல்லாதவர் என்றால் போகட்டும் என்று விடலாம். அவருக்குக் கண் நன்றாகவே தெரியும். குரூப் போட்டோ மறுபடி வரவேற்பறைச் சுவருக்குப் போயிற்று.

அதற்கு மறுநாள்தான் குழந்தையின் முதுகில் கை வந்தது. அந்த வாரமே அக்காக்காரி தன் துணிமணிகளைக் கட்டிக்கொண்டு எதிர்ச்சாரியில் மாடி அறை ஒன்றுக்குக் குடி போனாள். கம்பெனி வேலையும் போய்விட்டிருந்ததால் கீழே இஸ்திரி கடை போட்டாள். மூன்று விரலால் துணியை இழுத்துப் பிடித்து வலது கையால் பெட்டியை ஓட்டுவாள், சட்டையின் மடிப்பு கத்தி போல நிற்கும். தம்பியோடு பேச்சை நிறுத்திவிட்டாள். தம்பி பெண்டாட்டி மட்டும் தெருவைத் தாண்டி வந்து போய்க்கொண்டிருந்தாள். கை எதிர்ச்சாரியில் இருந்தபடியே ஒவ்வொரு போட்டோவுக்கும் போய் வந்தது. கல்யாணப் படங்களில் பெண்ணின் தோளில் இருந்தது. பாஸ்போர்ட் படங்களிலும் தோளில்தான். வட்டிக்கடைக்காரரின் படத்தில் மட்டும் அவருடைய சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்திருந்தது, அவரும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார். ஜனங்கள் முதலில் கூச்சல் போட்டார்கள், பிறகு பழகிப்போனார்கள். மேனேஜர் மட்டும் அதற்குப் பிறகு தன் படத்தை வெளியூர் போய் எடுத்துக்கொண்டார்.

பழகாதவன் ஸ்டூடியோக்காரன் ஒருவன்தான். கையிடமிருந்து தப்பிக்க அவன் போட்ட ஆட்டத்தைத்தான் பிற்பாடு பாணி, பாணி என்று கொண்டாடினார்கள். முதலில் தோளே தெரியாமல் முகத்தை மட்டும் எடுத்தால் கைக்கு இடம் இருக்காது என்று நினைத்தான். நெற்றியிலிருந்து மோவாய் வரை, அவ்வளவுதான், காதுகூடக் கிடையாது. கை கன்னத்தில் வந்து படுத்துக்கொண்டது. அப்படிச் சில வருடங்கள் போயின. பிறகு மனிதர்களே வேண்டாம் என்று கிளம்பினான். வருமானத்துக்கு ஸ்டூடியோவில் முகங்களை எடுப்பான், மற்ற நேரமெல்லாம் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆளில்லாத அறைகளைத் தேடிப் போவான்: விடுமுறை நாள் வகுப்பறை, காலி செய்த வீடு, மூடிக் கிடக்கும் டிக்கெட் கவுண்டர். நாற்காலி இருந்தால் நாற்காலியின் முதுகில் கை இருந்தது. நாற்காலியும் இல்லை என்றால் கதவின் தாழ்ப்பாளில் இருந்தது. பிறகு படங்களை இருட்டாக்கினான், கறுப்புக்குள் கறுப்பாக எல்லாம் முழுகிப் போகிற அளவுக்கு. கை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு உயரத்துக்கு ஏறினான். தண்ணீர்த் தொட்டி, செல்போன் கோபுரம், ஆறு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடி என்று ஏறி ஏறி ஊரைக் கீழே சின்னதாக்கி எடுத்தான். கைப்பிடிச் சுவரை அவனுக்கு முன்னாலேயே மூன்று விரல் பிடித்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் வந்தபோது குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டான். திரையில் கையைத் தேய்த்துத் தேய்த்து அழித்தான், சுத்தமாகப் போய்விட்டது, பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினான். பிரிண்ட் போட்டதும் முன்பைவிடப் பெரிதாக வந்தது. "அண்ணி கையை அழிக்க முடியாதுங்க," என்றாள் அவள். "நீங்க வரைஞ்ச விரலை அழிங்க, ரொம்ப சுலபம்." அவன் அன்று சாப்பிடாமல் எழுந்து போனான்.

இந்தப் படங்கள் எப்படியோ தலைநகரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கிருந்து ஒரு தாடிக்காரர் வந்தார், கலை விமர்சகராம். ஸ்டூடியோவில் சுவரிலும் பெட்டியிலும் இருந்ததையெல்லாம் பார்த்துவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகக் காலம், வெற்றிடக் காலம், இருட்டுக் காலம், உயரக் காலம் என்று அவர் பிரித்தார். இத்தனை காலங்களின் ஊடாகவும் திரும்பத் திரும்ப வரும் இந்தக் கை இருக்கிறதே, இது நவீன மனிதனின் முழுமையின்மை என்றார். எழுதினார். அச்சில் வந்தது. தம்பி பெண்டாட்டி பத்திரிகையைக் கொண்டுவந்து இஸ்திரி மேசையில் விரித்தாள். அக்காக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முழுவதும் படித்தாள்.

"என்னடி இது, எழவு! டப்பா மூடின்னு ஒரு வார்த்தை இல்லை, கம்பெனின்னு ஒரு வார்த்தை இல்லை. என் கை எப்படீடி அவன் பாணி ஆகும்?"

"அவருக்கே புரியலை அண்ணி. பேட்டியில என்ன கேட்டாலும் தலையைக் குனிஞ்சுக்கறார். அடக்கமான மனுஷன்னு போட்டிருக்காங்க."

தலைநகரத்தில் கண்காட்சி வைத்தபோது அக்காக்காரி அதைப் பார்த்தே தீருவது என்று பஸ் ஏறிப் போனாள், தம்பி பெண்டாட்டி துணைக்கு. பெரிய வெள்ளை அறை, பேச்சுச் சத்தமே இல்லை, சுவர் முழுக்க அவள் கை. ஆள் உயரத்துக்கு ஒன்று இருந்தது, வகுப்பறை நாற்காலியில் வைத்தது. அவள் அதன் முன்னால் போய் நின்று தன் கையை அதற்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள். காவலாளி ஓடி வந்து, "படத்தைத் தொடாதீங்கம்மா," என்றான். "நான் எங்கப்பா தொட்டேன்? அதுதான் ஊரையெல்லாம் தொட்டுக்கிட்டு இருக்கு," என்றாள். சத்தம் கேட்டுத் தாடிக்காரர் வந்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்க, பாருங்க," என்று கூட வந்தவர்களைக் கூப்பிட்டார். "விரலை மடக்கி வெச்சுக்கிட்டு படத்தோட உரையாடறாங்க!"

"மடக்கலைங்க. இல்லை."

"ஆமா, ஆமா. அந்த 'இல்லை'தான் விஷயமே!"

நான்கு பேர் கைதட்டினார்கள். மனுஷி அங்கேயே அவர் தாடியைப் பிடித்து உலுக்கியிருப்பாள், தம்பி பெண்டாட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் அக்காக்காரி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, முன் சீட்டின் கம்பியில் மூன்று விரலால் தட்டிக்கொண்டே வந்தாள். இறங்கும்போதுதான் பேசினாள். "எனக்கு விரலைப் பிடுங்கினப்போகூட இவ்வளவு ஆத்திரம் வரலைடி."

அதற்கு மேலும் ஒன்று நடந்தது. டப்பா கம்பெனி ஸ்டூடியோக்காரனுக்கு விருது கொடுப்பதாக அறிவித்தது. பழைய மேனேஜர் இப்போது இயக்குநர் ஆகியிருந்தார், தலை நரைத்து, பேச்சில் கலைநயமெல்லாம் வந்திருந்தது. மண் வாசனையைப் போற்றுகிறோம் என்றார். நகரசபை மண்டபத்தில் விழா. அக்காக்காரி தம்பி பெண்டாட்டியிடம் சொல்லி அனுப்பினாள்: "மேடையில மூணே வார்த்தை சொல்லட்டும். இது எங்கக்கா கை, விரலை எடுத்தது மெஷின், போட்டோவுல வரைஞ்சது நான். சொல்லிட்டா நானே அவன் வீட்டுப் படி ஏறி வர்றேன்." அவன் ஒத்துக்கொண்டான். விழாவுக்கு முன் பல நாட்கள் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தான், வீட்டில் எல்லோருக்கும் அது மனப்பாடமாகிவிட்டது. அன்று அக்காக்காரி தானே இஸ்திரி போட்ட சேலையில் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தாள். இயக்குநர் கேடயத்தைக் கொடுத்து, தோளில் தட்டி, மைக்கை நீட்டினார். "இந்தக் கை," என்றான் தம்பி. நிறுத்தினான். இயக்குநர் புன்சிரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கை... நம்ம எல்லாருடைய கை," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். மண்டபம் அதிர்ந்தது கைதட்டலில். அக்காக்காரி எழுந்து வெளியே போனாள்.

மறுநாளிலிருந்து அவன் எடுத்த படம் எதிலும் ஆளும் இல்லை, அறையும் இல்லை. கை வந்து லென்ஸை மூடிவிட்டது. படம் முழுக்க உள்ளங்கை, ரேகைகள், விரலிடுக்கில் கசியும் கொஞ்சம் வெளிச்சம். தாடிக்காரர் போனிலேயே அழுதார், உள்ளங்கைக் காலம் என்று பெயர் வைத்தார், இதுவரை விற்காத விலைக்கு அவை விற்றன. ஆனால் ஊரில் பரீட்சைக்கு விண்ணப்பிக்கிற பெண்ணுக்கு, வெளிநாடு போகிறவனுக்கு, ஓய்வூதியக்காரருக்கு என்று ஒருவருக்கும் முகம் விழவில்லை. வாசலில் நின்று அவர்கள் திட்டியது தெருக்கோடி வரைக்கும் கேட்டது. ஸ்டூடியோக்காரன் உள்ளங்கைப் படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டை விரலுக்குக் கீழே வாய்க்கால் போல ஒரு பழைய சூட்டுத் தழும்பு. அது அவனால் வந்தது. நடை பழகிக்கொண்டிருந்த வயதில் அவன் அடுப்பிலிருந்த கொதிக்கிற பாத்திரத்தை எட்டி இழுத்தபோது, அக்கா குறுக்கே கையை நீட்டி அதை அப்படியே தாங்கிப் பிடித்தாளாம். அம்மா சொல்லிச் சொல்லி அவனுக்குத் தெரிந்த கதை. பெண்டாட்டி வந்து பின்னால் நின்றாள்.

"ஊர் உலகத்துக்கெல்லாம் விளக்கம் சொல்றாங்க உங்களைப் பத்தி. கூடப் பிறந்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வரலை. வாய்தானே வராது, கை வரும் இல்ல? போய் அழிச்சிட்டு வாங்க."

மறுநாள் காலை ஷிப்ட் மாறும் நேரத்தில் அவன் ஒரு கிண்ணம் தண்ணீரும் பஞ்சும் எடுத்துக்கொண்டு கம்பெனி வரவேற்பறைக்குப் போனான். விருது வாங்கியவர் ஆயிற்றே, உட்காரச் சொல்லிக் காபி கொண்டு வந்தார்கள். படத்தைக் கொஞ்சம் துடைக்க வேண்டும் என்றான். தாராளமாக என்றார்கள். அவன் குரூப் போட்டோவை இறக்கி, சட்டத்தின் ஆணிகளைப் பிடுங்கி, கண்ணாடியை எடுத்து வைத்துவிட்டு, பஞ்சை நனைத்து அந்த இரண்டு விரல்களைத் துடைக்க ஆரம்பித்தான். ஷிப்ட் முடிந்து போகிறவர்களும் வருகிறவர்களும் நின்றுவிட்டார்கள். இயக்குநர் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"என்ன பண்றீங்க?"

"நான் போட்டதை நான் எடுக்கறேன் சார்."

"யார் சொன்னது உங்களுக்கு?"

"எங்கக்கா. அன்னைக்கே அழிச்சிடுன்னு சொன்னா. கொஞ்சம் லேட்டாயிடுச்சு." பிறகு அங்கே நின்றவர்கள் பக்கம் திரும்பினான். மேடையில் வராத மூன்று வார்த்தையும் அப்போது கடகடவென்று வந்தன. நகக்கண்ணின் வெள்ளைப் பிறை கடைசியாகப் போயிற்று. அடியில் நாற்காலி முதுகின் மரமும், அதன்மேல் மூன்று விரலும் இருந்தன.

படத்தை மறுபடி மாட்டக் கூடாது என்று இயக்குநர் கத்தினார், ஆனால் மாட்டியிருந்த மற்ற வருடங்களின் படங்களை அவர் நினைக்கவில்லை. அடுத்த நாள் காலை வாசல் கூட்டுகிறவர்தான் முதலில் பார்த்தார். நடைபாதை நெடுக மாட்டியிருந்த எல்லாக் குரூப் போட்டோக்களிலும் பின்வரிசை ஆட்கள் கையை வெளியே எடுத்துவிட்டிருந்தார்கள். முன்னால் நிற்பவர்களின் தோளில், தலைக்கு மேல், நெஞ்சுக்குக் குறுக்கே என்று அவரவர் இஷ்டம் போல வைத்திருந்தார்கள். நான்கு விரல், இரண்டு விரல், ஒன்றுமே இல்லாமல் வெறும் குமிழ். செத்துப் போனவர்களும் எடுத்திருந்தார்கள். துணி போட்டு மூடினார்கள், துணி நிற்கவில்லை. படங்களைக் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள், ஆனால் அதற்குள் ஊரே வந்து பார்த்துவிட்டது. விதவைகள் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தே புருஷனை அடையாளம் சொன்னார்கள். புதிதாக வந்திருந்த விசாரணை அதிகாரி பூதக் கண்ணாடியோடு வந்தார். கையைவிடப் படமே சாட்சி என்று கம்பெனி வாதாடி வாங்கிய தீர்ப்பு கோப்பில் பத்திரமாக இருந்தது. அதனால் அவர் படங்களில் இருந்த விரல்களை எண்ணி, இல்லாத விரல்களை எண்ணி, தடுப்பைக் கழற்றி வைத்தது கம்பெனிதான், மெஷின்தான் எடுத்தது என்று எழுதினார். அக்காக்காரி அவர் முன்னால் கையை நீட்டியபோது, "வேண்டாம்மா, படத்துலயே தெளிவா இருக்கு," என்றார்.

"அப்பவும் பார்க்கலை, இப்பவும் பார்க்கலை. உங்களுக்கெல்லாம் எதுக்கு சார் கண்ணு?" என்று கேட்டாள். வாக்குமூலம் என்று நினைத்து அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

அந்த வாரம் தம்பி ஒரு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தெருவைத் தாண்டி வந்து இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்றான். அக்காக்காரி நிமிர்ந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். "காலர் பட்டன் ஒண்ணு காணோம். தெச்சு வெக்கறேன், நாளைக்கு வா," என்றாள். அதற்குப் பிறகு லென்ஸை மறைத்த கை விலகி, பழையபடி ஜனங்களின் தோளுக்குப் போயிற்று. தாடிக்காரருக்கு வருத்தம்தான், கலைஞர் திரும்பவும் தொடக்க காலத்துக்கே போய்விட்டார் என்று எழுதிவிட்டு வேறு ஆளைத் தேடிக்கொண்டார்.

இன்று அந்த ஊரில் தோளில் கை இல்லாத போட்டோவை எந்த அலுவலகத்திலும் வாங்குவதில்லை, போலி என்று திருப்பிவிடுவார்கள். கடைவீதியில் புதிதாக ஸ்டூடியோ வைத்தவன் தானே ஒரு கையை வரைந்து ஒட்டிக் கொடுத்துப் பார்த்தான். நடு விரலையும் சேர்த்து வரைந்துவிட்டதால் மாட்டிக்கொண்டான். அக்காக்காரிக்கு வயதாகி, முதியோர் அட்டை வாங்க வேண்டி வந்தபோது அவளும் தம்பி ஸ்டூடியோவுக்குப் போய், அந்தப் பழைய ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அவன் அவளை எடுத்தான். மடியில் கை இருந்தது. தோளில் ஒன்றும் வரவில்லை, வருவதற்கு வேறு கை ஏது.

கவுண்டரில் இருந்தவர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "இது செல்லாதும்மா. கை எங்கே?"

அக்காக்காரி இடது கையைத் தூக்கிக் கவுண்டரின்மேல் சத்தம் வர வைத்தாள். அவர் படத்தைக் கீழே வைத்தார். கையைப் பார்த்தார். அவள் திருப்பிக் காட்டினாள், உள்ளங்கையையும் பார்த்தார், தழும்பையும் பார்த்தார், விரல் இருந்த இடங்களையும் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது, அவள் கையை எடுக்கவில்லை.

"மெஷின்ல போச்சாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாம்பா. டப்பா கம்பெனியில," என்றாள் அக்காக்காரி.

அவர் முத்திரையை எடுத்துக் குத்தி அட்டையைக் கொடுத்தார். அவள் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு நகர்ந்தாள். அடுத்து நின்றவர் தன் போட்டோவை நீட்டினார். அவர் தோளில் கை இருந்தது, வாங்கிக்கொண்டார்கள்.